அந்த 17 வயதுக் கணக்கு

"1840-களில் மான்செஸ்டர் தொழிலாளி 17 வயதிலேயே செத்துப்போவான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் சரி, அர்த்தம் தப்பு. இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கையில் வரும் 17 என்பது, அங்கே இறந்த தொழிலாளர் குடும்பத்தார் எல்லோரின் சராசரி வயது. கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். அதே அறிக்கைப்படி அந்தக் குடும்பங்களில் 100-க்கு 57 குழந்தைகளுக்கு மேல் 5 வயதைத் தாண்டவில்லை. ஒரு வயதில் குழந்தையும் 45-இல் அப்பாவும் போனால் சராசரி 23. ஆனால் 23 வயதில் அந்த வீட்டில் யாரும் சாகவில்லையே! இளவயதினர் வந்து குவிந்த ஊர் என்பதாலும் சராசரி இறங்கும்.

அதற்காக நிலைமை பரவாயில்லை என்று கிளம்பிவிட வேண்டாம். அங்கே பல இடங்களில் தரைக்குக் கீழே நிலவறையில் முழுக்குடும்பமும் குடியிருந்தது. மழை பெய்தால் முற்றத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கக்கூஸ். குழந்தைகளை வாரிக்கொண்டு போனதில் வயிற்றுப்போக்குக்கும் தொற்றுக் காய்ச்சலுக்கும் பெரிய பங்கு. அதே அறிக்கையில், இங்கிலாந்தின் ரட்லண்ட் மாவட்டக் கிராமப்புறக் கூலிக் குடும்பங்களின் சராசரி இறப்பு வயது 38. மான்செஸ்டர் கனவான் வீடுகளுக்கும் அதே 38 தான். இதைப் போட்டிருந்தால் அந்த 17 வயதுக் கணக்கை எழுதியவரின் வாதத்துக்கே வலு கூடியிருக்கும்.