விளைவிக்கிறவர் வீட்டில் உலை ஏறாத மாதங்கள்

"பசிக்குக் காரணம் ஜனத்தொகைதானே, இதில் என்ன பெரிய ஆராய்ச்சி?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். பேச்சு சூடாகி, கடைசியில் "சரி விடு, உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். இருக்கிறது. அன்றைக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கிளம்பலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த ஜனத்தொகைக் கதையை முடித்துவிடுவோம். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளைகிற தானியம் ஏறக்குறைய 280 கோடி டன். தலைக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் கால்நடைத் தீவனமாகிறது, இன்னும் கொஞ்சம் எரிபொருளாக வண்டிக்குள் போகிறது. அப்படியும் ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2024-இல் சுமார் 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் மட்டும் 30 கோடிக்கு மேல், அதாவது அங்கே ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். எனக்கும் ஒரு காலத்தில் நண்பரின் எண்ணம்தான் இருந்தது. இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகவே முடியவில்லை.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-லேயே இதை விலாவாரியாக எழுதிவிட்டார். 1943 வங்காளப் பஞ்சத்தில் இருபது முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அந்த வருஷத்து உணவு இருப்பு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சம் இல்லாத 1941-ஐவிட அதிகம் என்று அவர் கணக்குக் காட்டினார். போர்க்காலத்தில் அரிசி விலை எகிறியது, கூலியாட்களின் கூலி அதே இடத்தில் நின்றது. அவருடைய புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனாலும் "எவ்வளவு விளைந்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "யாரால் வாங்க முடிந்தது?" என்றும் கேட்க வைத்தவர் அவர்தான்.

பஞ்சம் எப்போதோ ஒரு தடவை வருவது. கேமராக்கள் வரும், பாட்டுக் கச்சேரி நடத்திக் காசு திரட்டுவார்கள். என்னை அதிகம் உறுத்துவது வருஷா வருஷம் சொல்லிவைத்தாற்போல வருகிற பசி. 2005-இல் ஐ.நா.வின் பணிக்குழு ஒன்று, உலகில் பசித்திருப்பவர்கள் யார் யார் என்று பிரித்துப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பேர் சிறு விவசாயக் குடும்பத்தினர். இன்னொரு 20 சதவீதம் நிலமில்லாத கிராமத்துக் கூலிகள். நகரத்து ஏழைகள் 20 சதவீதம். மேய்ச்சலையும் மீன்பிடியையும் காட்டையும் நம்பி இருப்பவர்கள் மீதி. நகரத்தில் பிச்சைப் பாத்திரத்தோடு நிற்பவரைத்தான் பசி என்று நாம் மனசுக்குள் வரைந்து வைத்திருக்கிறோம். பாதிக் கணக்கு உணவை விளைவிக்கிறவர் வீட்டில் இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவியை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரே மழை, ஒரே மக்காச்சோளம். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. உரக் கடன் இருக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவு இருக்கும், ஒத்திப்போட்ட வைத்தியம் இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே மாதத்தில் விற்கிறார்கள் என்பதால் விலை தரையில் கிடக்கும். விற்காமல் வைத்திருக்கலாமே என்றால், வண்டு விடாது. நாலு மாதம் கழித்து மூட்டையைத் தூக்கினால் அடியில் மாவு கொட்டும். ஒவ்வொரு மணியிலும் குண்டூசி குத்தியதுபோல ஒரு துளை. வண்டு தின்பதற்கு முன்னால் காசாக்கிவிடுவோம் என்று நினைப்பது முட்டாள்தனமா, சொல்லுங்கள்.

டிசம்பர் தாண்டினால் வீட்டில் தானியம் இருக்காது. சந்தையில் இருக்கும், பல வருஷங்களில் அறுவடை நேரத்து விலையைப் போல இரண்டு மடங்குக்கு. தான் விற்ற சோளத்தையே தான் திரும்ப வாங்க வேண்டும். அந்த விலை வித்தியாசம்தான் அந்த வீட்டின் பசி.

கொடுமை இதோடு முடியவில்லை. அதே மாதங்களில்தான் மழை பெய்கிறது, களையெடுப்பு நடக்கிறது. உடம்பு அதிகமாக உழைக்க வேண்டிய நேரம் அது. மலேரியா கூடுகிற நேரமும் அதுதான். கையில் காசில்லாதவர் அன்றாடச் சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறார். மலாவியில் இதை 'கன்யு' என்கிறார்கள். அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது சொந்த வயலில் களை முளைக்கிறது. அடுத்த அறுவடை இன்னும் மெலிகிறது. சோம்பேறித்தனத்தால்தான் ஏழ்மை என்று பேசுபவர்கள் இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்த மாதங்களுக்குப் பல ஊர்களில் தனிப் பெயரே இருக்கிறது. வங்கதேசத்தின் வடக்கே, ரங்பூர் பக்கம், 'மோங்கா'. பிரெஞ்சு பேசுகிற மேற்கு ஆப்பிரிக்காவில் 'சூதூர்'. இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்ப்பதுபோலப் பற்றவைப்பது என்று அர்த்தம், பழைய அறுவடையையும் புதிய அறுவடையையும். இடையில் பற்றவைக்கப்படுவது மனிதர்களின் வயிறு.

அப்புறம், இந்தப் பசி குழந்தையை எவ்வளவு மெலிய வைத்தது என்று அளக்கிற ஒரு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கிற நாடா அது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, உயிருக்கே ஆபத்தான மெலிவு. உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் பிடித்துப் பாருங்கள். அந்தக் கை அதற்குள் தளர்வாகப் போய்விடும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக 1990-களின் பிற்பாதியில் ஆந்த்ரே ப்ரியான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நிலக்கடலை விழுது ஒன்றை உருவாக்கினார். பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் கலந்தது. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், அம்மா வீட்டிலேயே கொடுக்கலாம். எத்தனையோ குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே பிழைத்தார்கள். ஆனால் தேறிய குழந்தை அதே வீட்டுக்குள்தான், அடுத்த டிசம்பருக்குள்தான் வளரப்போகிறது.

சரி, என்னதான் செய்வது? எனக்குப் பிடித்த மருந்து ரொம்பச் சாதாரணமானது. ஒரு சாக்கு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் பிற்பாதியில் கேமரூன் விவசாயிகளின் தட்டைப்பயறைக் காப்பாற்ற யோசித்ததில் பிறந்தது. உள்ளே இரண்டு பாலித்தீன் பை, வெளியே நெய்த சாக்கு. இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற வண்டு இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுத் தானே அடங்கிவிடும். பூச்சிமருந்து தேவையில்லை. கென்யாவில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். அறுவடை சமயத்தில் விவசாயிக்குச் சின்னக் கடன் கொடுத்தார்கள், அவசரத்துக்கு விற்காமல் இருக்கட்டும் என்று. சோளத்தை வைத்திருந்து விலை ஏறியபோது விற்றார்கள், வருமானம் கூடியது. நிறையப் பேர் கடன் வாங்கிய இடங்களில் சந்தை விலையின் ஏற்ற இறக்கமே தணிந்து, கடன் வாங்காதவருக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது.

இதையெல்லாம் மந்திரக்கோல் என்று சொல்லவில்லை. ரங்பூரில் 2008-இல் ஆய்வாளர்கள் மோங்கா மாதத்தில் நகரத்துக்கு வேலைக்குப் போகப் பேருந்துக் காசு கொடுத்தார்கள், எட்டரை டாலர் போல. போனவர்களின் வீட்டில் சாப்பாடு கூடியது. எல்லாரும் கொண்டாடினார்கள், நானும்தான். 2017-இல் பெரிய அளவில் செய்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. 2019-இல் நடத்தியவர்களே திட்டத்தை மூடிவிட்டார்கள். தோற்றதை ஒளிக்காமல் வெளியில் சொன்னார்களே, அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

பிரேசில் வேறு பக்கமிருந்து வந்தது. 2009-இல் போட்ட சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தருகிற பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்பப் பண்ணைகளிடம் கொள்முதல் செய்யச் செலவழிக்க வேண்டும் என்றது. பிள்ளைக்குச் சாப்பாடு, விவசாயிக்கு நிச்சயமாக வாங்குகிற ஒரு கை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது அரசாங்க விஷயத்தில் அபூர்வமாகத்தான் நடக்கும்.

"அப்போ போர்?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. போர் நடக்கிற இடத்தில் சாக்கும் கடனும் ஒன்றும் செய்யாது. சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை வெடித்தது, 2024 ஆகஸ்டில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. பட்டினி போடுவதைப் போர் முறையாகப் பயன்படுத்துவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2018-லேயே தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் சோறு போடாது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

பணக்கார நாடுகளின் கை இதில் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1995-இல் ஹைட்டி அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயி படுத்துவிட்டார். வரி குறைந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010-இல் அமெரிக்க செனட் குழு முன்பு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். பதினைந்து வருஷம் கழித்து. 2008 அரிசி விலையேற்றத்தில் பாதி விஷயம் பயம். நாடுகள் ஏற்றுமதியை அடைத்தன, வாங்குகிறவர்கள் பதறிப் பதுக்கினார்கள். தன்னிடம் கிடக்கிற இறக்குமதி அரிசியை விற்பதாக ஜப்பான் சொன்ன செய்தி வந்ததுமே விலை இறங்கத் தொடங்கியது.

என்னைக் கேட்டால் உதவி எவ்வளவு என்பதைவிட எந்த மாதம் என்பதைத்தான் முதலில் கேட்பேன். கப்பலில் ஏறி மாதக்கணக்கில் வருகிற தானியம் அறுவடை நேரத்தில் வந்து இறங்கினால், ஏற்கெனவே தரையில் கிடக்கிற விலையை இன்னும் மிதிக்கும். எத்தியோப்பியா இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. 2005-இல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தில், பஞ்சம் வரட்டும் என்று காத்திராமல், வருஷத்தில் ஆறு மாதம் லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குப் பொது வேலைக்குக் கூலியாகப் பணமோ தானியமோ கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். குறை என்னவென்றால், பல இடங்களில் கூலி தாமதமாக வந்தது. பிப்ரவரியில் வர வேண்டிய பணம் ஏப்ரலில் வந்தால், அதற்குள் வீட்டிலிருந்த ஆடு விற்றாகியிருக்கும்.