முதலில் காரைப் பார்க்காதே, தம்பி

கீழ்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் பர்மிங்காம் போகிறான். இரண்டு ஆண்டுக்கு அலுவலகம் அனுப்புகிறது. நேற்று இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, செல்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, வெறும் 1,900 பவுண்டு. ஐம்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடட்டுமா?"

"காப்பீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?"

"ஒரு இருநூறு, முந்நூறு ஆகுமா?"

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளத்தில் வண்டியின் எண்ணைப் போட்டு, அவனுடைய வயது, வேலை, தங்கப்போகும் முகவரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிரப்பினோம். வந்ததிலேயே குறைந்த தொகை ஆண்டுக்கு 2,740 பவுண்டு. "அக்கா, காரே 1,900தானே" என்றான். ஆமாம், தம்பி.

பெங்களூரில் எங்கள் பேட்டையின் பெயர் ஜீவன் பீமா நகர், அதாவது ஆயுள் காப்பீட்டு நகர். பெயரிலேயே காப்பீட்டை வைத்துக்கொண்டு இதைப் பற்றி இவ்வளவு அறியாமையோடு இருக்கிறோமே என்று சிரிப்புத்தான் வந்தது. அவனைச் சொல்லி என்ன, 2022-இல் மான்செஸ்டரில் போய் இறங்கியபோது நானும் இதே கணக்கோடுதான் இருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினாறு ஆண்டுகளாக ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறேன். சில்க் போர்டு சந்திப்பிலும் மாரத்தஹள்ளியிலும் மாலை ஆறரை மணிக்கு ஓட்டிப் பழகியவள். ஏழு ஆண்டுகளாக ஒரு ரூபாய்கூடக் காப்பீட்டில் கோரியதில்லை. அப்படிக் கோராமல் இருப்பவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உச்சவரம்பான 50 சதவீதத்தில் நின்றது. கிளம்புவதற்கு முன் ஸ்விஃப்டை விற்றபோது, அந்தப் போனஸைத் தக்கவைத்துக்கொள்வதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன். அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடுதான் கேட்டார்.

"பிரிட்டன் உரிமம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது?"

"இல்லை. இந்திய உரிமம்."

"பிரிட்டனில் கிளெய்ம் இல்லாத ஆண்டுகள்?"

"இந்தியாவில் ஏழு..."

"பூஜ்யம் என்று குறித்துக்கொள்கிறேன்."

பதினாறு ஆண்டு ஓட்டம் ஒரு சொல்லில் முடிந்தது. 1,680 பவுண்டு கேட்டார்கள். வெள்ளைக்காரத் திமிர் என்று அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினேன். வெளிநாட்டுப் போனஸை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் ஒன்றிரண்டு அங்கே உண்டு. எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கோபம் ஆற ஒரு வாரம் பிடித்தது. ஆறிய பிறகு யோசித்தால், அந்தக் கடிதம் உண்மையில் எதைச் சொல்கிறது? இன்னார் பெயரில் இருந்த வண்டிக்கு இத்தனை ஆண்டுகள் சேதத்தொகை கேட்கப்படவில்லை என்று மட்டும். அதை ஓட்டியவர் யார் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. இந்திராநகரில் ஒரு முதலாளி ஐந்து ஆண்டுகள் பின்சீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டே அலுவலகம் போயிருப்பார். ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டார். அவருக்கும் அதே 50 சதவீதம். ஓட்டிய டிரைவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. மான்செஸ்டர்ப் பெண் அந்தத் தாளை நம்பவில்லை என்றால் குற்றம் முழுவதும் அவர்மேல் இல்லை.

நம் ஊரில் காப்பீடு வண்டியைப் பார்க்கிறது. அங்கே ஓட்டுபவரைப் பார்க்கிறது. மீதி வித்தியாசங்கள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

கார் என்ன வகை என்பதையும் அங்கே பார்க்காமல் இல்லை. 1 முதல் 50 வரை பிரிவுகள் வைத்திருந்தார்கள், சின்ன எஞ்சின் வண்டிகள் கீழே வரும். ஆனால் அதோடு நிற்பதில்லை. அஞ்சல் குறியீடு, வேலை, ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுவோம், இரவில் வண்டி தெருவிலா வீட்டு வளாகத்திலா, நாட்டுக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று எல்லாம் கேட்பார்கள். தெருவில் நிறுத்துவதை "வளாகத்தில்" என்று மாற்றிப் போட்டால் தொகை மாறுவது கண்ணெதிரே தெரியும். கை குறுகுறுக்கும். செய்துவிடாதீர்கள், விபத்து என்று வரும்போது பொய் வெளிப்பட்டால் பாலிசியையே செல்லாததாக்கிவிடுவார்கள்.

நான் வாங்கியது ஒரு பழைய யாரிஸ். விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். தூறலில், அவர் வீட்டு வாசலில், அந்த வண்டிக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் கொடுத்தாகிவிட்டது, சாவி கையில் இருக்கிறது, நகர்த்த முடியாது. அவருடைய காப்பீடு எனக்குச் செல்லாது. சாலை வரியும் 2014 அக்டோபர் முதல் வண்டியோடு கைமாறுவதில்லை. நம் கர்நாடகத்தில் ஒருமுறை கட்டிய ஆயுள்கால வரி அடுத்தவருக்கும் தொடரும் அல்லவா, அந்த நினைப்பிலேயே போயிருந்தேன். பெரியவர் பதிவுப் புத்தகத்திலிருந்து ஒரு பச்சைத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். அதிலிருந்த பன்னிரண்டு இலக்க எண்ணைக் கண்ணாடியில் வழிந்த நீர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்து, செல்பேசியிலேயே காப்பீட்டை எடுத்து, வரியைக் கட்டி முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். வண்டி எண்ணைப் போட்டாலே, அது ஆண்டுதோறும் எழுதிய தகுதித் தேர்வின் வரலாறு இலவசமாகக் கிடைக்கும். என் யாரிஸுக்கு இடது பின்சக்கர டயர் தேய்மானம், அடிப்பகுதியில் லேசான துரு என்று முந்தைய ஆண்டே குறித்திருந்தார்கள். நம் எம்பரிவாகன் செயலியில் காப்பீடும் புகைச் சான்றும் எப்போது முடிகின்றன என்று பார்க்கலாம். வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பெரிய தப்பு ஒன்று செய்தேன். விமான நிலையம் போக வேண்டும் என்று கேட்ட மதுரைக்கார நண்பரிடம், நம் ஊர் வழக்கப்படி, சாவியைத் தூக்கிக் கொடுத்தேன். இங்கே செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் யாரும் என் காரை என் அனுமதியோடு ஓட்டலாம், காப்பீடு நிற்கும். அங்கே பாலிசியில் பெயர் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டிருந்தால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் ஆறு தண்டப் புள்ளிகள், வண்டியும் பறிமுதலாகலாம். சாலையோரக் கேமராக்கள் எண்பலகையைப் படித்துக் காப்பீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நண்பருக்கு இன்றுவரை இது தெரியாது. இதைப் படித்தால் மன்னிக்கவும்.

இந்திய உரிமம் அங்கே குடியேறி 12 மாதம் வரைதான் செல்லும். அதன்பின் கற்றுநர் உரிமம், எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். நான் எழுத்துத் தேர்வில் தேறினேன். ஓட்டுத் தேர்வுக்குக் கிடைத்த தேதி நான்கு மாதம் தள்ளி. நான் இருந்ததே பதினான்கு மாதம்! கடைசி இரண்டு மாதம் யாரிஸ் தெருவில் சும்மா நின்றது. சும்மா நின்றாலும் காப்பீடு வேண்டும். வேண்டாமென்றால் சாலையில் ஓடாது என்று அறிவித்துப் பொதுச் சாலையை விட்டே அகற்ற வேண்டும். எனக்கு வளாகம் ஏது? காப்பீட்டையே கட்டினேன்.

சுற்றுலா விசாவில் போய் மலிவாக ஒரு கார் வாங்கி ஊர் சுற்றலாம் என்பவர்களுக்கு ஒரு வரி: பிரிட்டனில் வண்டியைப் பதிய அந்நாட்டு முகவரி வேண்டும், சில வாரத்துக்கு வந்தவருக்கு ஆண்டுக் காப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வாடகைக் காரே உத்தமம்.

இவ்வளவு பட்டுவிட்டுத் திரும்பிய எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. விபத்தில் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த தொகை 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எஞ்சின் அளவு ஒன்றுதான் அளவுகோல். பழைய மெட்ராஸ் சாலையில் தினமும் எதிர்த்திசையில் வருபவரும், மஞ்சள் விளக்குக்கே நிறுத்துபவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்று பார்த்துத் தொகை போடும் கூடுதல் திட்டங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி தந்தது. ஆனால் அவை சொந்த வண்டிச் சேதப் பகுதிக்கு மட்டும். எங்கள் குடியிருப்பில் விசாரித்துப் பார்த்தேன், எடுத்தவர் ஒருவரும் இல்லை. இங்கே காப்பீடு என்றால் போக்குவரத்துப் போலீசிடம் காட்டும் தாள். யார் ஓட்டினார், எப்படி ஓட்டினார் என்று நாமே குறித்து வைக்காதபோது, வெளிநாட்டுக்காரர் அதை மதிக்கவில்லை என்று குறைபடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் கடிதம் வீணாகவில்லை. மூன்று ஆண்டுகள் வரை செல்லும் என்பதால், ஊர் திரும்பி வாங்கிய காருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி அப்படியே கிடைத்தது. தம்பியிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன்: உன் காரை விற்கும்போது கடிதத்தை வாங்கிவிடு, ஆங்கிலத்தில், ஆண்டுக்கணக்கோடு.

இன்று காலை மின்தூக்கியில் பார்த்தேன். ஏஜென்ட்டிடம் பேசினானாம். "அதையெல்லாம் யாரும் கேட்கவே மாட்டார்கள் சார், எதற்கு அலைச்சல்" என்றாராம் அவர். "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"மேலே ஒரு அக்கா இருக்கிறார், அவர் கேட்பார் என்றேன்."