ஸ்மித்சோனியன் மார்மன் நூலை வைத்து அகழாய்வு செய்ததா?

'அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் மார்மன் நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மத்திய அமெரிக்காவில் அகழாய்வு செய்கிறது' என்று ஒரு பதிவு இருக்கிறது. ஸ்மித்சோனியன் என்பது அருங்காட்சியகங்களும் ஆய்வுப் பணிகளும் நடத்தும் நிறுவனம்; மார்மன் நூல் என்பது பழங்கால அமெரிக்க மக்களின் வரலாற்றைச் சொல்வதாக மார்மன் சமயத்தார் நம்பும் புனித நூல். தகவல் சரியல்ல. பல பத்தாண்டுகளாகச் சுற்றும் செய்தி என்பதால், நம்பிப் பகிர்ந்தவர்மேல் குறையில்லை.

இதைக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்ததால் அந்நிறுவனமே ஒரு நிலையான பதிலைத் தயாரித்து அனுப்பிவந்தது. 1996 வடிவம் நீளமானது. மார்மன் நூலில் வரும் கோதுமை, குதிரை, இரும்பு, எஃகு, பட்டு ஆகியவை 1492-க்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் புழக்கத்தில் இல்லை என்று வரிசையாகச் சொல்லும். எரிகல் இரும்பு அரிதாகப் பயன்பட்டதை மட்டும் விதிவிலக்காகக் குறிப்பிடும். 1998-ல் பட்டியலை எடுத்துவிட்டுச் சுருக்கினார்கள். 'மறுப்பையே வாபஸ் வாங்கிவிட்டார்கள்' என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்தச் சின்னக் கடிதத்திலும் அது சமய நூல், ஆய்வுக்கு ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்பது அப்படியே இருக்கிறது.

சரிபார்க்க, இரண்டு வடிவங்களையும் ஆண்டோடு தேடி, முழுதாகப் படியுங்கள். வெட்டி ஒட்டிய ஒற்றை வரியை நம்ப வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் அகழாய்வு அறிக்கைகளுக்கே போகலாம். ஸ்மித்சோனியன் தொல்லியலாளர் மேத்யூ ஸ்டிர்லிங் 1943-ல் வெளியிட்ட தெற்கு மெக்சிகோ கற்சின்னங்கள் பற்றிய அறிக்கை ஸ்மித்சோனியன் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவரை ட்ரெஸ் சபோட்டெஸ் என்ற மெக்சிகோ தொல்லியல் தளத்துக்கு இழுத்தது, மார்மன் நூல் அல்ல; 1869-லேயே மெல்கார் என்பவர் எழுதியிருந்த பெரிய கல் தலை.