நாற்பது விநாடி

நேற்றுக் காலை கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுப் பட்டாலையில், இருபது முப்பது பேர் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, நாங்கள் ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் ஆடப் போன கதையை எடுத்து, என்னைச் சுட்டிக் காட்டி, “இந்தத் தம்பி வெரட்டுன வெரட்டுல ஓல்டு கோர்ஸ்ல எனக்கு ஆட்டமே கெட்டுப்போச்சு” என்று தேவகோட்டை அண்ணன் சொன்னார். பெரியவர்கள் கூடியிருந்த இடம் என்பதால் வாயை மூடிக்கொண்டு பந்திக்கு நடந்தேன். இலையில் வைத்த கவுனி அரிசி தொண்டையில் இறங்கவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கேயாவது சொல்லித் தீர்க்கிறேன்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் என்னும் கோல்ஃப் திடலில் ஒரு முறை ஆடுவதற்கு நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழோடு, குறைந்தது இரண்டு பேராகப் பெயர் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலில் பெயர் வருமா என்று விடுதியில் தவம் கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது. அன்று திடல் ஊர்மக்கள் உலாவுவதற்கு. மூன்று முறை ஏமாந்து நான்காம் முறை எங்கள் பெயர் வந்தது, அதுவும் பிற்பகல் ஒரு மணிக்கு. அக்டோபர் நடுவில் அங்கே ஆறு மணி சுமாருக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆனாலும் ஐந்து மணி நேரம் இருந்தது. பதினெட்டுக் குழிகளுக்கு அது தாராளமாகப் போதும்.

போதவில்லை. முதல் குழியிலிருந்தே போதவில்லை என்றாலும், பதினேழாம் குழியில் அண்ணன் அடித்த இரண்டாம் அடியை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஓர் அடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ரோடு ஹோல் என்று உலகமே பயப்படுகிற குழி அது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு முன்னால், இடப்பக்கம் பங்கர் என்னும் ஆழமான மணற்பள்ளம், பின்னால் சாலையும் கல்சுவரும். 1978இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பானின் நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை அடைந்துவிட்டு, பட் செய்த, அதாவது தரையோடு உருட்டி விட்ட, பந்து அந்தப் பங்கருக்குள் உருண்டு, வெளியேற நான்கு அடி செலவழித்து, ஒன்பதில் முடித்தார். அப்படிப்பட்ட இடத்தில் யோசித்து அடிப்பது தவறில்லை என்று நீங்கள் சொல்லலாம். யோசிக்கட்டும். ஆனால் அண்ணன் செய்தது யோசனையன்று.

முதலில் தூரம் அளக்கும் கருவியை எடுத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். பிறகு கல்சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கொடிக்கம்பத்தையே பார்த்தார். புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். அது எந்தப் பக்கம் போயிற்று என்பதில் சந்தேகம் வந்து இன்னும் இரண்டு முறை கிள்ளி விட்டார். ஐந்தாம் எண் அயர்ன் மட்டையை உருவினார், உறையில் போட்டார், நான்காம் எண்ணை உருவினார், மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளரான கேடியிடம் கருத்துக் கேட்டார், அவர் சொன்னதை விட்டுவிட்டு மறுபடியும் ஐந்தையே எடுத்தார். நான்கு முறை வெறுங்காற்றில் வீசிப் பார்த்தார். பந்தின் முன் நின்றார், விலகினார், பந்துக்குப் பின்னால் போய்க் குந்தினார், எழுந்தார், மீண்டும் நின்றார். அந்த நேரத்தில் கேடியின் கையிலிருந்த தன் கைப்பேசியில் காணொளி பதிவாகவில்லை என்று தெரிந்ததும், அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் புல் கிள்ளுவதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். “அண்ணே, வெளிச்சம் போகுதுண்ணே, அடிச்சிருங்க” என்று கெஞ்சினேன். “பொறு தம்பி, புரொஃபஷனலெல்லாம் இப்பிடித்தான் பாப்பாக” என்றார். பிறகு அடித்தார். பந்து இருபது கெஜம் உருண்டு நின்றது.

புரொஃபஷனல்கள் இப்படிப் பார்க்கிறார்களாம்! 2019இல் திருத்திய விதிகளிலேயே ஓர் அடிக்கு நாற்பது விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பரிந்துரை இருக்கிறது. தொலைந்த பந்தைத் தேடும் நேரத்தையும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த ஓர் அடிக்கு அண்ணன் எடுத்துக்கொண்டது ஏழு நிமிடம். அந்தத் திடலில் ஏழு இடங்களில் போகிறவர்களுக்கும் திரும்புகிறவர்களுக்கும் கிரீன் ஒன்றுதான். ஏழாம் குழியின் பாதையும் பதினொன்றின் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் இவர் அன்று முழுவதும் பின்னால் வந்தவர்களை மட்டுமின்றி எதிரே வந்தவர்களையும் சேர்த்தே நிறுத்தி வைத்தார். மேற்பார்வையாளர் இரண்டு முறை வந்து பணிவாக வேகத்தைக் கூட்டச் சொல்லிப் போனபோது, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டவன் நான். அண்ணன் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நம் ஊரில் இப்படி நடக்குமா? சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடாமல் கதை பேசிக்கொண்டிருந்தால், அடுத்த பந்திக்கு நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட மாட்டோமா? நேற்று இதே அண்ணன், வெள்ளைப் பணியாரம் வரத் தாமதமானதற்குப் பரிமாறுகிற பையனை அதட்டினார். பந்தியில் இரண்டு நிமிடம் பொறுக்க முடியாதவர், திடலில் எத்தனை பேரை எத்தனை மணி நேரம் காக்க வைத்தார் என்பதை ஒரு கணமாவது நினைத்திருப்பாரா?

எனக்கு உண்மையான வேதனை பதினெட்டாம் குழியில்தான். 1995 ஓப்பனில் இத்தாலியின் காஸ்டான்டினோ ரோக்கா, கிரீனை ஒட்டிய வேலி ஆஃப் சின் என்னும் பள்ளத்துக்குள்ளிருந்து மேடேறும்படி நெடுந்தூரம் பட் செய்து பந்தைக் குழியில் விழவைத்து, ஜான் டேலியோடு சமநிலையாகி, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் ஆட்டம் வரை போன காட்சியை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அதே பள்ளத்தில் ஒரு பந்தை வைத்து, அந்த மேட்டைக் கண்ணால் அளந்து, ஒரே ஒரு முறை உருட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் காரைக்குடியிலிருந்து அவ்வளவு தூரம் போனேன். அதற்கு முன்னால் ஸ்வில்கன் பாலம் வந்துவிட்டது. 2005இல் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் அந்தக் கற்பாலத்தில் நின்று கையசைத்து விடைபெற்றது போலத் தானும் நிற்க வேண்டும் என்றார் அண்ணன். தொப்பியோடு, தொப்பி இல்லாமல், கால் தூக்கி, கால் தூக்காமல், கடைசியில் இருட்டிவிட்டதால் பிளாஷ் போட்டு, அத்தனை படங்களையும் எடுக்க வைத்தார். நான் பள்ளத்துக்கு வந்தபோது மேடும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை. ஊரின் ஜன்னல் விளக்குகள் மட்டும் தெரிந்தன. கொடி இருக்கும் திசையைக் கேடி கைகாட்ட, அந்தப் பக்கமாகப் பந்தைத் தள்ளினேன். அது ஏறியதா, பாதியில் திரும்பி வந்ததா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நேற்றுப் பந்தி முடிந்து வெற்றிலைக்காக வளவுப் பக்கம் திரும்பினால், அண்ணன் அந்தப் பதினேழாம் குழிக் காணொளியை ஆச்சிமார்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தூணில் சாய்ந்திருந்த ஓர் ஆச்சி வெகுநேரம் பொறுமையாகப் பார்த்தார். பாக்கைச் சீவி, வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, மென்றும் முடித்தார். பிறகு கேட்டார்: “ஏம்ப்பா, இன்னமும் அடிக்கலையா?”

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அதற்கும் அண்ணன் என்னைத்தான் முறைத்தார்.