ஜூன் 21: சென்னையில் நிழல் தெற்கே விழும்

ஜூன் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலே விழாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; அது சரியல்ல. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் அன்று அப்படி நடப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அதே 23.4 பாகையில் உள்ள கடக ரேகையில். சென்னை இருப்பது வடக்கே 13.1 பாகையில், சூரியன் நம் உச்சியைத் தாண்டி 10 பாகைக்குச் சற்று மேல் வடக்கே போயிருக்கும். இங்கே நிழல் மறைவது ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும்தான்.

நீங்களே பார்க்கலாம். தரைக்கு மேல் 1 மீட்டர் நிற்கும்படி ஒரு கம்பைச் சமதளத்தில் நடுங்கள். பகல் 12.10 வாக்கில் 18 செ.மீ.க்குச் சற்று மேல் நீளமாக நிழல் தெற்கே விழும். தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்துவது முக்கியம்: கம்பு வடக்கிலோ தெற்கிலோ ஒரு பாகை சாய்ந்தாலே கிட்டத்தட்ட 2 செ.மீ. பிசகும். மேகமாக இருந்தால் மறுநாள் செய்யுங்கள். அந்த வாரத்தில் நண்பகல் சூரியனின் உயரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை.