மோர்த்துறைக்கு மூத்த பொறுப்பாளர்

(பினாங்கு, ஜாலான் உத்தாமா பக்கம் ஒரு மாமாக் கடை. ஞாயிறு காலை. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம். இந்த ஊரில் தண்ணீர்ப்பந்தல் போடுவது சுலபம். பந்தலுக்குத் தலைவராக நீடிப்பதுதான் கஷ்டம். அப்படி ஒரு தலைவர், பில் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறார். செயலாளர் வந்து உட்காருகிறார்.)

செயலாளர்: அண்ணே, பசியாறியாச்சா?

தலைவர்: எங்கே பசியாறுவது? ராத்திரியிலிருந்து ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். செயலவையில் பதினோரு பேர். எப்படிக் கூட்டினாலும் நம் பக்கம் ஐந்துதான் வருகிறது.

செயலாளர்: உங்களையும் சேர்த்தா?

தலைவர்: என்னை இரண்டு தடவை சேர்த்தால் ஆறு.

செயலாளர்: அப்படியென்றால் நாம் சிறுபான்மை அரசாங்கம்.

தலைவர்: காலங்கார்த்தாலே நல்ல வார்த்தை சொல்ல மாட்டாயா?

செயலாளர்: இதில் என்ன அண்ணே வெட்கம்? நம் மலேசிய மக்களவையில் 222 நாற்காலி. பாதியைத் தாண்ட 112 வேண்டும். 2020 டிசம்பரில் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் பட்ஜெட்டை நிறைவேற்றினாரே, எத்தனை ஓட்டில்? ஆதரவு 111, எதிர்ப்பு 108. அதே வருடம் ஜூலையில் சபாநாயகரை மாற்றினார்கள். அதுவும் 111-க்கு 109.

தலைவர்: 112 வேண்டும் என்று இப்போதுதானே சொன்னாய்?

செயலாளர்: பட்ஜெட் சமயத்தில் இரண்டு உறுப்பினர்கள் காலமாகியிருந்தார்கள். இன்னொருவர் ஓட்டுப் போடவில்லை. மிச்சம் இருப்பவர்களில் யார் பக்கம் அதிகம் என்பதுதான் கணக்கு.

தலைவர்: (குரலைத் தாழ்த்தி) நம் செயலவையில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

செயலாளர்: அண்ணே! தண்ணீர்மலை முருகன் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

தலைவர்: விசாரித்தேன் தம்பி, அவ்வளவுதான். வேறு வழி சொல்.

செயலாளர்: பதவி கொடுங்கள். முஹிடின், அமைச்சர்களும் துணை அமைச்சர்களுமாக ஏறக்குறைய 70 பேரை வைத்துக்கொண்டார். ஆனால் ஆரம்பத்தில் துணைப் பிரதமர் கிடையாது. அதற்குப் பதில் மூத்த அமைச்சர்கள் என்று நான்கு பேர். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் முகம் கோணுவார்கள். நான்கு பேருக்கும் கொடுத்தால், யாருக்கும் கொடுக்காத மாதிரி.

தலைவர்: ஆகா! எழுது. மோருக்கு ஒரு மூத்த பொறுப்பாளர். ரோஸ் சிரப்புக்கு ஒரு மூத்த பொறுப்பாளர். இஞ்சி தட்டுவதற்குத் துணை. கறிவேப்பிலையைத் தனித் துறையாக்கினால் என்ன?

செயலாளர்: மோரிலிருந்து கறிவேப்பிலையைப் பிரித்தால் மோர்க்காரர் ஆதரவை மீட்டுக்கொள்வார்.

தலைவர்: சரி, வேண்டாம். ஒலிபெருக்கி?

செயலாளர்: அதை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். உள்துறை மாதிரி அது. மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தலைவர்.

தலைவர்: அந்தச் சிரம்பான் மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறாரே, எதைக் கொடுத்தாலும் குறை சொல்வார்.

செயலாளர்: பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங்கை மத்திய கிழக்குக்குச் சிறப்புத் தூதராக்கினார்கள், அமைச்சர் அந்தஸ்தோடு. நீங்கள் மாப்பிள்ளையைப் பட்டர்வொர்த்துக்குச் சிறப்புத் தூதராக்குங்கள். ஐஸ்கட்டி அங்கிருந்துதானே வருகிறது? பெர்ரியில் போய்ப் பெர்ரியில் வரட்டும்.

தலைவர்: (தாளைப் பார்த்து) எல்லாருக்கும் ஏதாவது ஒன்று வந்துவிட்டது. அப்புறம் அண்டா கழுவுவது யார்?

செயலாளர்: அதைக் கேட்கக் கூடாது அண்ணே. யாரைக் கழுவச் சொல்கிறீர்களோ, அன்றைக்கே அவர் எதிரணி.

தலைவர்: நானே கழுவிவிடுகிறேன். அதிருக்கட்டும், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருகிறதாமே? கூட்டத்தையே தள்ளிப் போட்டால் என்ன?

செயலாளர்: அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2020 மே 18-இல் மக்களவை ஒரே ஒரு நாள் கூடியது. மாமன்னர் உரை முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். 2021 ஜனவரி 12-இல் அவசரகாலம், ஆகஸ்ட் 1 வரை. கோவிட் என்று சொன்னார்கள். நாம் என்ன சொல்வது?

தலைவர்: டிங்கிக் காய்ச்சல்?

செயலாளர்: டிங்கிக்குப் புகைதான் அடிப்பார்கள். கூட்டத்தை நிறுத்த மாட்டார்கள்.

தலைவர்: கடைசியில் முஹிடின் கதி?

செயலாளர்: கூட்டணியில் இருந்த அம்னோ கட்சியில் ஒரு பிரிவு ஆதரவை எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 16-இல் பதவி விலகினார். மொத்தம் 17 மாதம்.

தலைவர்: பதினேழு மாதமா! எனக்கு மூன்று வாரம் போதுமே தம்பி!

செயலாளர்: அப்படியானால் அடுத்து வந்த இஸ்மாயில் சப்ரி வழிக்கு வாருங்கள். அவருக்கு ஆதரவு 114 பேர், அமைச்சரவையில் பெரும்பாலும் பழைய முகங்கள். மனிதர் எதிரணியோடு செப்டம்பர் 13-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுவிட்டார். அவர்கள் பட்ஜெட்டைக் கவிழ்க்கக் கூடாது, இவர் சீர்திருத்தம் கொண்டுவர வேண்டும்.

தலைவர்: நம் எதிரணி என்ன கேட்கும்?

செயலாளர்: கட்சித் தாவலுக்குத் தடை கேட்கிறார்கள். போன வருடம் நம் பனியனைப் போட்டுக்கொண்டே பக்கத்துப் பந்தலில் போய் வடை சுட்டார்களே, அந்தக் கோபம்.

தலைவர்: கேட்கிறார்களா? நீ எப்போது அவர்களிடம் பேசினாய்?

செயலாளர்: சும்மா... நேற்று தே தாரிக் குடிக்கும்போது. அது கிடக்கட்டும். நாட்டில் 2022 அக்டோபர் 5-இலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. உறுப்பினர் தானாகக் கட்சியை விட்டால் தொகுதி போச்சு. கட்சியே அவரை நீக்கினால் தொகுதி பத்திரம்.

தலைவர்: நன்றாக இருக்கிறதே! நாமும் அதையே எழுதுவோம். தானாக விலகினால் பதவி, பனியன், ஸ்டோர் சாவி மூன்றையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

செயலாளர்: நீக்கினால்?

தலைவர்: நீக்கினால் எல்லாம் அவரிடமே இருக்கட்டும். நான் யாரை நீக்கப் போகிறேன்? இருப்பதே ஐந்து.

(செயலாளர் ஒப்பந்தத்தை அழகான கையெழுத்தில் எழுதி நீட்டுகிறார். தலைவர் கையெழுத்துப் போடுகிறார். செயலாளரின் கைப்பேசி இரண்டு தடவை சிணுங்குகிறது. அவர் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறார்.)

தலைவர்: இப்போது தெம்பாக எண்ணலாம். ஒன்று, நான். இரண்டு, நீ...

செயலாளர்: அண்ணே, ஒரு நிமிஷம். மூன்றுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி.

தலைவர்: சொல்லு தம்பி.

செயலாளர்: என்னைக் கொஞ்சம் நீக்கிவிடுங்களேன்.