வாட்சனை மட்டம் தட்டாதீர்கள்

ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே, டாக்டர் வாட்சனைக் ‘கூடவே வரும் அசடு’ என்று பலரும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். ஹோம்ஸ் கண்டுபிடிப்பார், வாட்சன் வாயைப் பிளந்து பார்ப்பார், அவருக்கு வேறு வேலை இல்லை என்பது போல. கதைகளைப் படித்தவர்களுக்கு இப்படித் தோன்ற வாய்ப்பே இல்லை. இது சினிமா கொடுத்த படம். 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனாக வந்தார். நல்ல நடிகர்தான். ஆனால் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டு, எதையும் தாமதமாகப் புரிந்துகொள்கிற ஒரு பெரியவராக வாட்சனை ஆக்கி வைத்தார்கள். அந்த உருவம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதனால் ஹோம்ஸுக்கும் நஷ்டம். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர்களின் மந்த புத்தியையே பொறுக்காத மனிதர், ஓர் அசட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் குடியிருப்பாரா? அப்படி இருந்தால் புகழுரைக்கு ஏங்குகிற ஆள் என்றுதான் அர்த்தம். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஹோம்ஸ் அந்த ரகம் இல்லை.

வாட்சன் யார் என்பதை 1887-இல் வந்த முதல் நாவலின் முதல் சில பக்கங்களே சொல்லிவிடுகின்றன. லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ராணுவ டாக்டர். ஆப்கானிஸ்தானில் மைவாந்த் போரில் தோளில் குண்டு வாங்கியவர். பெஷாவர் ஆஸ்பத்திரியில் டைபாய்டு வந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர். கையில் நாளுக்கு 11 ஷில்லிங் 6 பென்ஸ், சொந்தபந்தம் யாரும் இல்லை. வாடகையைப் பங்குபோட ஆள் தேடும்போதுதான் ஹோம்ஸ் அறிமுகமாகிறார். அங்கே ஓர் அருமையான விஷயம் நடக்கிறது. குடிவருவதற்கு முன்னாலேயே இருவரும் தங்கள் குறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறார்கள். சில சமயம் நாள்கணக்கில் வாயே திறக்க மாட்டேன், கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார் ஹோம்ஸ். எனக்கு நரம்பு தளர்ந்திருக்கிறது, சத்தம் ஆகாது, நேரங்கெட்ட நேரத்தில் எழுந்திருப்பேன், சரியான சோம்பேறி என்கிறார் வாட்சன். இந்த நட்பு தொடங்கும்போது வாட்சனுக்கு ஹோம்ஸின் திறமை தெரியாது, தொழிலும் தெரியாது. ரசிகராகச் சேர்ந்தவர் இல்லை, வாடகைக் கூட்டாளியாகச் சேர்ந்தவர்.

இனி கதையின் தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60: 4 நாவல், 56 சிறுகதை. அதில் நான்கைத் தவிர எல்லாமே வாட்சன் எழுதுவதாக வருபவை. துப்பறிபவர் மண்டைக்குள் ஓடுவதை வாசகருக்குக் காட்டினால் கதை முதல் பத்து நிமிஷத்தில் முடிந்துபோகும். காட்டாமல் மறைத்தால் மோசடி. பக்கத்தில் நிற்கும் நேர்மையான ஒரு மனிதரின் கண் வழியாகச் சொன்னால் இரண்டு தொல்லையும் தீரும். அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், எல்லாவற்றையும் எழுதுகிறார். எது முக்கியம் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

1892-இல் வந்த ‘சில்வர் பிளேஸ்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயக் குதிரை காணாமல் போன இரவில் லாயத்துப் பையனுக்குச் சாப்பாடு போகிறது: ஆட்டுக்கறிக் குழம்பு. அதில் அபின் பொடி கலந்திருக்கிறது. குழம்பு என்ற தகவல் கதையின் தொடக்கத்திலேயே, குதிரையின் வம்சாவளி, பந்தயத் தொகை, லாயத்தில் எத்தனை பையன்கள் என்பவற்றோடு சேர்ந்து அதே தொனியில் வந்துவிடுகிறது. வாட்சன் எதையும் ஒளிக்கவில்லை. நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அபினின் சுவையை மறைக்கக் காரமான மசாலா வேண்டும், அன்றைக்குக் குழம்பு வைக்கச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டுக்குள்தான் இருக்க முடியும் என்று ஹோம்ஸ் பிறகு விளக்கும்போது, நம் கண் முன்னாலேயே கிடந்ததே என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். தகவலை மறைக்காமல் அதன் எடையை மட்டும் மறைப்பது என்ற இந்த வித்தைக்கு வாட்சனைப் போல ஒருவர் இல்லாமல் முடியாது.

துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்த ரோனால்ட் நாக்ஸ் 1929-இல் இதைச் சரியாகப் பிடித்தார். ஒன்பதாவது கட்டளை: துப்பறிபவரின் நண்பர் தன் மனதில் ஓடும் எதையும் மறைக்கக் கூடாது, அவருடைய அறிவு சராசரி வாசகரின் அறிவைவிடக் கொஞ்சமே, மிகக் கொஞ்சமே குறைந்திருக்க வேண்டும். ‘முட்டாள் நண்பன்’ என்று அவர் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ‘மிகக் கொஞ்சமே’ என்பது பொன்னான அளவு. பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறந்து நண்பரைப் பாதாளத்தில் தள்ளிவிட்டார்கள். நண்பர் ரொம்ப மந்தமாக இருந்தால் வாசகர் அவரை முந்திப் போய்க் காத்திருக்க ஆரம்பிப்பார். அப்புறம் விளக்கத்தில் என்ன சுவை இருக்கும்?

வாட்சன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாயிலே காட்டியிருக்கிறார். 1926-இல் வந்த இரண்டு கதைகளை ஹோம்ஸே தன் வாயால் சொல்கிறார். அதில் ஒன்றான ‘பிளாஞ்ச்டு சோல்ஜர்’ கதையில், பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் வாசகருக்குப் பிடிக்கிற மாதிரிச் சொல்வது எவ்வளவு அவசியம் என்று புரிகிறது என ஒப்புக்கொள்கிறார். சாமர்த்தியமான கேள்விகளாலும் வியப்பாலும் என் சாதாரண முறையை அதிசயமாக உயர்த்திக் காட்டியவர் வாட்சன், இந்த இடத்தில் அவர் இல்லாதது தெரிகிறது என்கிறார். படித்துப் பாருங்கள், கதை உண்மையிலேயே தட்டையாக இருக்கும். தனக்குத் தெரிந்ததைத் தானே நம்மிடம் ஒளித்துக்கொண்டு போகும் ஹோம்ஸ் நம்மைச் சீண்டுகிறார். அதே ஹோம்ஸ் வாட்சனிடம் ஒளித்தால் நமக்குக் கோபம் வருவதில்லை. ஏமாறுகிற பக்கத்தில் நமக்குத் துணைக்கு ஒரு நல்ல மனிதர் இருக்கிறார் அல்லவா!

வாட்சனின் இந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. ஹோம்ஸ் அவரைத் திரும்பத் திரும்ப ஏமாற்ற வேண்டியிருக்கிறது. 1913-இல் வந்த ‘டையிங் டிடெக்டிவ்’ கதையில் ஹோம்ஸ் சாகக் கிடக்கிறார். ஓடி வருகிற வாட்சனைக் கிட்டே நெருங்கவிடாமல் தடுக்கிறார். மீறி நெருங்கப் பார்த்தால், நீ அனுபவம் குறைந்த சாதாரண டாக்டர்தானே என்று மனம் நோகச் சொல்கிறார். வாட்சனுக்கு வலிக்கிறது. வலியை விழுங்கிக்கொண்டு, அப்படியானால் பெரிய நிபுணர் ஒருவரையாவது அழைத்து வருகிறேன் என்கிறார். விஷயம் என்னவென்றால், கொலைகாரன் ஒருவனை வரவழைக்க ஹோம்ஸ் நோயாளி வேஷம் போட்டிருக்கிறார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி, நெற்றியில் வாசலின், கண்ணில் பெல்லடோனா, கன்னத்து எலும்பில் ரூஜ், உதட்டைச் சுற்றித் தேன்மெழுகுப் பொருக்கு. இவ்வளவும் பார்வையை ஏமாற்றும். நாடித் துடிப்பையும் உடம்புச் சூட்டையும் ஏமாற்றுமா? வாட்சன் கையைப் பிடித்துப் பார்த்தால் தீர்ந்தது. உன் மருத்துவத் திறமை மேல் எனக்கு மதிப்பில்லை என்றா நினைத்தாய், நாலு கெஜ தூரத்தில்தான் உன்னை ஏமாற்ற முடியும் என்று கடைசியில் ஹோம்ஸே சொல்கிறார். இன்னொரு காரணமும் சொல்கிறார்: உனக்கு நடிக்க வராது. உண்மை தெரிந்திருந்தால், அந்த ஆளை அவசரமாகக் கூட்டி வரும் பதற்றம் உன் முகத்தில் இருந்திருக்காது.

கதையின் முழு ஏற்பாடும் வாட்சனின் இரண்டு குணங்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அவர் நல்ல டாக்டர், அவருக்குப் பொய் வராது. முதலாவது இருப்பதால்தான் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறது. இரண்டாவது இருப்பதால்தான் சொல்லாமல் மறைக்க வேண்டியிருக்கிறது. அசடாக இருந்திருந்தால் ஹோம்ஸ் இவ்வளவு பாடுபட்டிருக்கவே வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் தான் செத்துப்போனதாக வாட்சனை மூன்று வருஷம் ஹோம்ஸ் நம்ப வைத்ததற்கும் காரணம் அதேதான். 1903-இல் வந்த ‘எம்ப்டி ஹவுஸ்’ கதையில் திரும்பி வருகிற ஹோம்ஸ், நீ உண்மையாகவே நம்பியிராவிட்டால் என் மரணத்தை அவ்வளவு நம்பும்படி எழுதியிருக்க மாட்டாய் என்கிறார். தர்க்கம் சரி. ஆனால் அந்த மூன்று வருஷ துக்கத்தை அனுபவித்தது வாட்சன். ஹோம்ஸைப் பார்த்ததும் வாழ்க்கையிலேயே முதலும் கடைசியுமாக மயங்கி விழுகிறார். விழித்ததும் சண்டை போடவில்லை. அதுதான் சிலருக்கு அடிமைத்தனமாகத் தெரிகிறது. அவர்களுக்கு நான் பாஸ்கர்வில்ஸ் நாவலை நினைவுபடுத்துவேன். 6-ஆம் அத்தியாயத்திலிருந்து 11 வரை கதை முழுக்க வாட்சன் கையில் இருக்கிறது. ஹோம்ஸ் லண்டனில் இருப்பதாக நம்பி, விவரமாக அறிக்கை எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஹோம்ஸோ அதே புல்வெளியில் ஒரு கற்குடிசையில் ஒளிந்திருக்கிறார். கண்டுபிடித்ததும் வாட்சன் நேரடியாகக் கேட்டுவிடுகிறார்: என்னைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள், ஆனால் நம்புவதில்லை, அப்படித்தானே? அதற்கு ஹோம்ஸ் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது அந்த அறிக்கைகளை. புரட்டிப் புரட்டி நைந்துபோயிருக்கின்றன.

ஹோம்ஸ் தன் பாசத்தைக் காட்டும் விதமும் மறைமுகம்தான். எனக்கு மிகவும் பிடித்தது ‘நார்வுட் பில்டர்’ கதையில் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்துபோகிறது. வாட்சன் தன் கென்சிங்டன் கிளினிக்கை வெர்னர் என்ற இளம் டாக்டருக்கு விற்கிறார். துணிந்து கேட்ட உச்ச விலையை அந்த ஆள் அதிகம் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுகிறார். சில வருஷம் கழித்துத்தான் தெரிகிறது, வெர்னர் ஹோம்ஸுக்குத் தூரத்து உறவு, பணம் ஏற்பாடு செய்தது ஹோம்ஸ். பழையபடி பேக்கர் தெருவுக்கே வந்து தங்கும்படி நண்பரைக் கேட்டவர், அதற்காகத் தான் பணம் கொடுத்ததை மட்டும் வாயால் சொல்லாமல் இப்படிச் செய்திருக்கிறார்.

வாய் திறக்கிற இடங்கள் குறைவு. ‘டெவில்ஸ் ஃபூட்’ கதையில் விஷப் பொடியைப் புகைத்துத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். தன் புத்தியும் கலங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாட்சன் கண்ணில் ஹோம்ஸின் முகம் படுகிறது. அந்த முகத்தில் தெரிந்த பயங்கரம்தான் அவரை உலுக்கி எழுப்புகிறது. நாற்காலியிலிருந்து பாய்ந்து ஹோம்ஸைக் கட்டிப் பிடித்து வெளியே புல்தரைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். குரல் தழுதழுக்க ஹோம்ஸ் நன்றியும் சொல்கிறார், மன்னிப்பும் கேட்கிறார். தனக்கே செய்யத் தகாத சோதனை, நண்பனுக்குச் செய்தது அதைவிடத் தகாது என்கிறார். 1924-இல் வந்த ‘த்ரீ காரிடெப்ஸ்’ கதையில் வாட்சன் தொடையில் குண்டு உரசிக்கொண்டு போகிறது. ஹோம்ஸின் உதடு நடுங்குகிறது, கண் கலங்குகிறது. பேனாக்கத்தியால் வாட்சனின் கால்சட்டையைக் கிழித்துப் பார்த்து, மேலோட்டமான காயம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சே விடுகிறார். சுட்டவனைப் பார்த்து, வாட்சனைக் கொன்றிருந்தால் நீ இந்த அறையைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். அந்தக் குளிர்ந்த முகத்துக்குப் பின்னால் இருந்த அன்பைத் தெரிந்துகொள்ள இன்னும் எத்தனை காயம் வேண்டுமானாலும் படலாம் என்று வாட்சன் எழுதுகிறார். முதல் கதை வந்து 37 வருஷம் கழித்து வந்த வரி அது. அதற்கு முன்னால் டாயில் அதை எழுதியிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

மற்ற ஜோடிகளைப் பற்றிச் சுருக்கமாக. எட்கர் ஆலன் போ 1841-இலேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார், ஆனால் அவருடைய கதைசொல்லிக்குப் பெயர்கூட இல்லை. அகதா கிறிஸ்டியின் துப்பறிபவர் பொய்ரோவுக்கு நண்பரான ஹேஸ்டிங்ஸ் 8 நாவல்களில்தான் வருகிறார், இரண்டாவது நாவலின் முடிவிலேயே அவரை அர்ஜென்டினாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார் கிறிஸ்டி. நம் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் வேறு வகை. கதை படர்க்கையில் நகர்வதால் வசந்துக்கு எழுதிவைக்கும் வேலை கிடையாது, ஓட்டமும் குறும்புமே அவர் பங்கு. இவர்களை வாட்சனோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

இப்படி ஒரு ஜோடியை எழுத நினைப்பவர்கள் பலர் செய்யும் தவறு, நண்பரை எதற்கும் தலையாட்ட வைப்பது. மறுக்கத் தெரியாத நண்பரால் கதைக்கும் பயனில்லை, நாயகனுக்கும் பயனில்லை. ஹோம்ஸ் 7 சதவீதக் கரைசலாகக் கொக்கெய்ன் ஏற்றிக்கொண்டதை முகத்துக்கு நேரே கண்டித்தவர் வாட்சன், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்திலிருந்து விடுவித்தவரும் அவரே. 1904-இல் வந்த ‘சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்டன்’ கதையில் ஹோம்ஸ் ஒரு மிரட்டல்காரன் வீட்டில் புகுந்து கடிதங்களைத் திருடக் கிளம்புகிறார், தனியாக. எப்போது புறப்படுகிறோம் என்று கேட்கிறார் வாட்சன். நீ வரவில்லை என்கிறார் ஹோம்ஸ். அப்படியானால் நீங்களும் போகப் போவதில்லை, என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் வண்டி பிடித்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய் உங்களைக் காட்டிக்கொடுப்பேன் என்கிறார் வாட்சன். ஹோம்ஸின் முகத்தில் முதலில் எரிச்சல், பிறகு தெளிவு. சத்தம் வராத ஷூ இருக்கிறதா என்று கேட்கிறார். ரப்பர் அடி போட்ட டென்னிஸ் ஷூ இருக்கிறது. முகமூடி? கறுப்புப் பட்டுத் துணியில் இரண்டு தைத்துவிடுகிறேன் என்கிறார் வாட்சன். துணைப் பாத்திரம் எழுத உட்காருகிறவர்கள் அந்த ஒரு பக்க உரையாடலை முதலில் படித்துவிட்டு உட்காரட்டும்.